வெள்ளை டிரம், நீல டிரம்

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் கொப்புளம் ஆறிவிட்டதா? இங்கே நானும் அம்மாவும் நலம். கண்ணாடிக்கடையும் நலமாகத்தான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி விற்கிறவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது அதுவே நல்லதாகிவிட்டது. இதையெல்லாம் போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு கண்ணாடிக்கடை நம் வீட்டுக்குள் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தன் வேலையைக் காட்டிவிட்டது. ஹாலில் ஜன்னலோரம், அப்பாவின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில், இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி நிற்கிறது. நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்தார்கள். "மீன் தொட்டியா?" என்று கேட்டேன். "இல்லீங்க, பவளத் தொட்டி. மீன் சும்மா துணைக்குத்தான்" என்றது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளையை 'நீங்க' என்று கூப்பிடுகிற ஆளை எப்படி மதிப்பது, நீயே சொல்.

வேடிக்கை என்னவென்றால் மீனும் இல்லை, பவளமும் இல்லை. உப்பைக் கரைத்து ஊற்றிய தண்ணீர், அடியில் மணல், நடுவில் ஓட்டை ஓட்டையாகச் சில பாறைகள். இன்னும் ஆறு வாரத்துக்கு ஒன்றும் விடக் கூடாதாம். தினமும் கடையை மூடிவிட்டு வந்து, கை கழுவி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கல்லைப் பார்க்கிறது. அம்மா அந்தப் பக்கம் வந்தால் மட்டும் எழுந்து நிற்கிறது, ஏதோ மேலதிகாரி வந்த மாதிரி.

அப்பா நாற்காலி உன் அறையில் பத்திரமாக இருக்கிறது. டிசம்பரில் உங்கள் அணிவகுப்பில் நீ சீருடையோடு நடந்து வருவதை நான் நேரில் பார்க்க வேண்டும். வேறு எதைப் பற்றியும் எனக்கு இந்த வருடம் ஆசை கிடையாது. சல்யூட் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். முழங்கை கோணுகிறது என்று அம்மா சொல்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஜூன் 23

அடி நூலகமே,

கொப்புளம் ஆறி அதன் மேல் இன்னொன்று வந்திருக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலம் என்று படித்தேன். மூன்றாவது ஆளின் நலத்தை எழுதி இனி மையை வீணாக்காதே.

கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? எங்கள் டிரில் மாஸ்டரும் எங்களை அப்படித்தான் பார்க்கிறார்.

கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னதைத்தான் உன்னிடமும் சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் கிடைக்கிற விடுமுறையை இங்கே விடுதியிலேயே கழிப்பேன். அந்த ஆள் இருக்கும் வீட்டுக்கு வரமாட்டேன். அப்பா நாற்காலி மேல் யாராவது துணி காயப்போட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லிவை.

தொட்டிக்காக இவ்வளவு புலம்பல் எதற்கு? சமையலறையிலிருந்து தினமும் ஒரு கைப்பிடி உப்பை எடுத்துப் போட்டு வா. தானாக ஒரு முடிவுக்கு வரும்.

அம்மாவிடம் மருந்துக்கடை வேலையில் ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உயிரோடு இருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. அம்மாவுக்கு முதுகு வலித்தது, இப்போது தேவலை. மூன்றாவது ஆளின் நலத்தை எழுதவில்லை.

ஆனால் தொட்டியைப் பற்றி எழுதலாம் அல்லவா? எதிரியை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது என்று பள்ளி நூலகத்தில் கடலைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவந்தேன். எனக்கு முன்னால் யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதன்படி பார்த்தால் அது வெறும் கல் இல்லை. மீனின் கழிவில் அம்மோனியா என்ற விஷம் வரும். பாறைக்குள் குடியேறும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அதைத் தின்று வேறொரு விஷமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த விஷத்தையும் தின்று சாதுவாக்கும். இரண்டு கூட்டமும் பெருகும்வரை பொறுத்திருக்க வேண்டும். கண்ணாடிக்கடை இதைத் தெரிந்துதான் காத்திருக்கிறதா, தற்செயலா என்று எனக்குச் சந்தேகம். தற்செயலாகத்தான் இருக்கும்.

தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டிரம் வைத்திருக்கிறது. வெள்ளை டிரம்மில் உப்புக் கரைத்த தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியில் பழையதைக் கொஞ்சம் எடுத்துவிட்டு இதை ஊற்ற வேண்டும். நீல டிரம்மில் வடிகட்டிய நல்ல தண்ணீர். "தண்ணிதான் ஆவியாகும். உப்பு எங்கேயும் போகாது, உள்ளேயே தங்கிடும். அதனால வத்தினா நல்ல தண்ணியத்தான் ஊத்தணும்" என்று சுவரிடம் விளக்கிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அம்மா சமையலறையிலிருந்தே, "எனக்கு இந்தக் கடல் கதையெல்லாம் வேணாம்ப்பா, இங்க வெங்காயம் கருகுது" என்றாள். பெருமையாக இருந்தது. நாம் மூன்று பேரும் ஒரே கட்சி.

உன் உப்பு யோசனை உதவாது. அதுவே மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறது.

காலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டு.

உன் தங்கை


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

துப்பாக்கி தூக்கித் தோள் வலிக்கிறது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாயாம். தைலம் அனுப்பியிருக்கிறோம். இங்கே எல்லோரும் நலம்.

மீன் வந்துவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. பெரியது எந்நேரமும் சின்னதைத் துரத்துகிறது. உன் ஞாபகம் வந்தது. பிறகு பவளம். பவளம் என்றால் கல் என்றுதானே நினைத்திருந்தோம்? இல்லை, உயிர். ஒரு சின்னப் பாறைத் துண்டின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சை பச்சையாக ஒரு கூட்டம். விளக்கைப் போட்டதும் ஒவ்வொன்றாக விரியும். விளிம்பில் கண்ணிமை முடி மாதிரி இழைகள் இருக்கின்றன. இன்னொன்று விரல் விரலாக நீண்டு நாள் முழுக்க ஆடுகிறது. ஓர் இறாலும் உண்டு. தண்ணீருக்குள் கையை விட்டால் வந்து நகத்தைச் சுத்தம் செய்துவிடும் என்று சொன்னார்கள். சரி, யாரும் சொல்லவில்லை, நான்தான் விட்டுப் பார்த்தேன்.

அன்றைக்கு ஈரக் கையோடு பம்ப்பின் பிளக்கைத் தொடப் போனேன். "ஏய், கையை எடுடி" என்று ஒரு கத்தல். நான் பயந்து தொட்டி மேலேயே இடித்துக்கொண்டேன். அத்தனை பொத்தானும் ஒரே நொடியில் மூடிக்கொண்டது. அவர் முகம் அதைவிடச் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்க, தெரியாம வந்துடுச்சு, மன்னிச்சுடுங்க" என்று பின்னாலேயே வந்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசிய உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான். மன்னிப்புக் கேட்டு அதையும் கெடுத்துக்கொண்டார்.

பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கொஞ்ச நாளாகத் தொட்டியில் தண்ணீர் வற்றுவதே இல்லையாம். "மூடி நானே அளவெடுத்து வெட்டினது. ஃபிரேம்ல லென்ஸ் உக்கார்ற மாதிரி உக்காந்திருக்கு. ஆவியே வெளிய போகல பாருங்க" என்று தண்ணீர்க் கோட்டைக் காட்டுகிறார். மூடியைத் தொட்டால் கடகடவென்று ஆடுகிறது. சொல்லிக் காட்ட நான் யார்?

தோளைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


செப்டம்பர் 10

அடி நூலகமே,

தைலம் வந்தது. தோள் பரவாயில்லை. நீங்கள் நலமா என்று கேட்கவே வேண்டியதில்லை. கோமாளி மீன் உட்பட அனைவரும் அமோகம் என்று தெரிகிறது.

என் தோளுக்கு ஒரு வரி, பொத்தானுக்கு ஒரு பக்கம். நான் இங்கே மழைச் சேற்றில் முழங்கையால் தவழ்ந்துகொண்டிருக்கிறேன், நீ அங்கே இறாலிடம் நகம் வெட்டிக்கொள்கிறாய். போகட்டும்.

உன்னை 'டி' போட்டுக் கத்த அந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது? நீயும் வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் கதை எழுதுகிறாய். உப்பு போட ஆரம்பித்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பரீட்சை வந்ததால் எழுதவில்லை.

பொத்தான்கள் மூடிவிட்டன. பத்து நாளாகத் திறக்கவில்லை. விரல் விரலாக ஆடியது துவண்டு கிடக்கிறது. பெரிய மீன் மூலையில் நின்று மூச்சு வாங்குகிறது. அவர் தினமும் சோதனைக் குழாயும் சொட்டு மருந்துமாக உட்கார்ந்தார். அம்மோனியா இல்லை என்றார். விளக்கைக் குறைத்தார், பிறகு கூட்டினார், பாறையைத் திருப்பி வைத்தார். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியவில்லை.

நான்தான் கேட்டேன். "உப்பு பார்த்தீங்களா?"

"அது மாறாதுங்க. நல்ல தண்ணிதானே ஊத்துறோம். சொல்லப்போனா ஊத்தவே இல்லையே, வத்தினாத்தானே?" என்றார். ஆனாலும் என் திருப்திக்காக என்பதுபோல, உப்பை அளக்கக் கைக்கடக்கமான தொலைநோக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறார், அதில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டை விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். முப்பத்தைந்தில் இருக்க வேண்டிய கோடு நாற்பத்தொன்றில் நின்றது.

உப்பு தானாக நடந்து வந்து உள்ளே குதிக்காது. அவர் என்னைப் பார்த்தார், அக்கா. ஒரே ஒரு பார்வை. பிறகு கருவியைத் துணியில் சுற்றி உறைக்குள் வைத்தார். அம்மா வந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "என் தப்புதான். கலக்கும்போது அளவு விட்டுட்டேன்" என்றார். மறுநாள் காலையில் உப்பு மூட்டை அலமாரியின் உச்சியில் இருந்தது, என் கைக்கு எட்டாத உயரத்தில்.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். கேட்காமலேயே மன்னித்துவிட்டார். என்ன திமிர், பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


அக்டோபர் 8

அடி நூலகமே,

நலம். அம்மா நலமா?

ஆக, போட்டுவிட்டாய். உனக்கு அவ்வளவு துணிச்சல் உண்டு என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துக் கட்டில் தோழிக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த ஆள் கருவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த இடத்தில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் அவள், "அந்தப் பெரிய மீன் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்கிறாள். எழுது.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. உன் தோழியிடம் சொல், பெரிய மீன் சாகவில்லை. நான் உப்பு போடவும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சிரித்ததை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உப்பை ஒரேயடியாக இறக்கினால் உள்ளே இருப்பவை அதிர்ச்சியில் போய்விடும். அதனால் அவர் தினமும் கொஞ்சம் உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் சேர்த்தார். கோடு இறங்கவில்லை. மூட்டை அலமாரி மேல் இருந்தும் இறங்கவில்லை. மறுபடி என்னைப் பார்த்தார்.

காய்ச்சலுக்காக நான் வீட்டில் இருந்த அன்று, அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு ஹாலில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பெரிய மீனோடு பேசிக்கொண்டிருந்தாள். "சாப்பிடலைன்னா எப்படி? கொஞ்சமாவது சாப்பிடு." தன் துண்டால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு எழுந்து மூடியை நகர்த்தி, வெள்ளை டிரம்மில் ஒரு மக் மொண்டு, ஓசை வராமல் சுவரோரமாக ஊற்றினாள்.

"என்னம்மா பண்றே?"

மக் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "நீ படுக்கலையா? ஒண்ணுமில்ல, கொஞ்சம் குறைஞ்சிருந்தது. அவர் ராத்திரி வந்து ஊத்தறவரைக்கும் பாவம் இல்லையா அதுங்க?"

"தினமும் ஊத்தறியா?"

"குறையற அன்னிக்கெல்லாம்."

"வெள்ளை டிரம்லேர்ந்தா?"

"பின்ன? கடல் மீனுக்குப் போய் யாராவது நல்ல தண்ணி ஊத்துவாங்களா?"

அவர் சுவரிடம் விளக்கிக்கொண்டிருந்த அன்று அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா? தண்ணீர் வற்றாத அதிசயத்துக்குக் காரணம் மூடியே இல்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"எப்படிக் கேக்கறது? நீ புத்தகத்துக்குப் பின்னாடி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அவ வீட்டுக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நானும் போய்த் தொட்டி முன்னாடி உக்காந்தா என்ன நினைப்பீங்க ரெண்டு பேரும்? பிடிக்காத மாதிரியே இருந்துட்டேன். அவர்கிட்டயும் சொல்லிடாதே, கூச்சமா இருக்கு."

"வெள்ளை டிரம் தண்ணி குறைஞ்சா அவர் கண்டுபிடிச்சிடுவார். இனிமே நீல டிரம்லேர்ந்து ஊத்து, ஒரு மக் நல்ல தண்ணியால கடல் மீனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். நம்பிவிட்டாள். அவள் பாசமாக ஊற்றியதுதான் அத்தனையையும் கொல்லப் பார்த்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவரிடமும் சொல்லவில்லை. நான்தான் போட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும். மூக்குக்கண்ணாடி விற்கிறவரின் நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது.

உன் தங்கை


நவம்பர் 14

அடி நூலகமே,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? நான் நலம். பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் விசில் அடித்துவிட்டார்கள்.

இத்துடன் இரண்டு அனுமதிச் சீட்டு. ஒன்றில் அம்மாவின் பெயர் இருக்கும். மற்றதில் 'உடன் வருபவர்' என்று மட்டும் இருக்கும், அது நீ. மூன்றாவது யாருக்கும் கிடையாது. கேட்டாலும் தரமாட்டார்கள், நான் கேட்கவும் போவதில்லை. அணிவகுப்பு டிசம்பர் ஆறாம் தேதி. முழங்கை கோணாமல் வந்து சேர்.

அம்மா மீனிடம் வேறு என்ன பேசினாள்?

பொத்தான்கள் திறந்தனவா என்று என் தோழி கேட்கிறாள்.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் தோழிக்குச் செய்தி: பொத்தான்களில் பாதிக்கு மேல் திறந்துவிட்டன. விரல் பவளம் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு தொல்லை. பம்ப் இரைய ஆரம்பித்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் நிற்கும், நின்றால் உடனே மாற்று பம்ப்பைப் போட்டாக வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இருந்து பார்த்துக்கறேன்" என்றார். அம்மா அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். போட்டு முடித்து, மடித்து, அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

இந்த மனிதரை நம்பி எப்படித் தொட்டியை விட்டுவிட்டு வருவது? தண்ணீர் வற்றவில்லை என்றால் தன் மூடியைப் பாராட்டிக்கொள்கிறவர். உப்பு ஏறினால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்க்கிறவர். இவரை இங்கே விட்டுவிட்டு வந்தால் நீ நடந்து வரும்போதும் நான் பம்ப்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் நானே இருந்துவிடுகிறேன். கீழ்வீட்டு டீச்சர் துணைக்கு வந்து படுத்துக்கொள்வார். என் சீட்டில் இந்த மனிதர் வருகிறார், இரண்டு நாளைக்கு நீ வைத்துச் சமாளி. வெள்ளைச் சட்டையில் இருப்பார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார், கண்டுகொள்ளாதே. சத்தம் போட்டால் சுருங்கிவிடுவார்.

வேண்டாம் என்றுதான் நீ எழுதுவாய். அதனால்தான் இதைத் தாமதமாகத் தபாலில் போடுகிறேன். உன் கைக்குக் கிடைக்கும்போது அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள்.

ஆறாம் தேதி காலையில் தொட்டிக்கு முன்னால் நின்று சல்யூட் அடிப்பேன். இப்போது முழங்கை கோணுவதில்லை.

உன் தங்கை


டிசம்பர் 7

அடி துரோகியே,

நான் நலம். அம்மாவும் நலமாக ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். இதை அவளிடம் கொடுத்தனுப்பினால் வழியிலேயே பிரித்துப் படிப்பாள், அதனால் தபாலில் போடுகிறேன்.

உன் கடிதம் அணிவகுப்பன்று காலையில்தான் கிடைத்தது. கிழித்துப் போட்டிருப்பேன். ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததால் கையெல்லாம் கருப்பு.

நீ உட்கார வேண்டிய நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டும்போது தட்டவில்லை. எல்லோரும் நிறுத்திய பிறகு தனியாகத் தட்டியது. எங்கள் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இதற்காகவா இத்தனை மாதம் சேற்றில் புரண்டேன் என்று இருந்தது.

பிறகு மரத்தடியில், அம்மா குழாயில் தண்ணீர் பிடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து என்னிடம் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? பாப்பா தானா யோசிச்சு அப்படிச் செய்யற பிள்ளை இல்ல. அந்த உப்பு... உங்க யோசனையா?"

அம்மா நாலடி தள்ளி நிற்கிறாள். எழுதியது நான்தானே? "ஆமா. நான்தான் போடச் சொன்னேன்" என்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று விறைப்பாக நின்றேன்.

"பரவாயில்லீங்க" என்றார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் போட்டிருக்கு. ஒரேயடியா போட்டிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அதுங்க மேல பாப்பாவுக்குப் பாசம்தான்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேன்."

இப்படி ஒரு முட்டாளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நீ எழுதியது போதாது.

அம்மா திரும்பிவிட்டாள். "எந்த உப்பு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். தொட்டியைப் பார்க்க ஒன்றும் வரவில்லை. விடுதியில் சாப்பாடு சரியில்லை. அப்பா நாற்காலியைத் துடைத்து ஹாலில் கொண்டுவந்து போட்டு வை. எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பது உன் இஷ்டம்.

எனக்குக் கொடுத்திருப்பது லாடம் அடித்த ஷூ. நடந்தால் தரை அதிரும். மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறி வருகிறேன்.

அக்கா